பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்

சமாதானபுரத்தில் இறங்கி பேட்டரி இசக்கி கடை எது என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முழுப் பெயர் இசக்கியப்பன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு லாரி பேட்டரிக் கடையில் ஆசிட் வாளி தூக்கப் போனவர். இப்போது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. சட்டையில் ஆசிட் தெறித்த ஓட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பொண்டாட்டி இசக்கித்தாய் தீபாவளிக்கு எடுத்துக்கொடுக்கிற புதுச் சட்டையும் கார்த்திகைக்குள் சல்லடை ஆகிவிடும். பாளையங்கோட்டையில் கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று பாதி இடத்தில் கரண்டு போனதும் எரிகிற விளக்கு இவர் மாட்டிய இன்வெர்ட்டரில்தான் எரியும். அதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு. ஆனால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். பேச்சே கம்மி. பேசினால் வெடுக்கென்று இருக்கும்.

கடைக்கு மேலே ஒரு அறை. அந்த அறையில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அலமாரி உயரத்துக்கு இல்லை, இடுப்பு உயரம் இருக்கும். கறுப்பு நிறம். உள்ளே காற்றாடிகள் சுற்றுகிற சத்தம் கீழே கல்லாப் பெட்டி வரைக்கும் கேட்கும். அது தம்பி இசக்கிமுருகனுடைய கம்ப்யூட்டர்.

முருகனுக்கும் இவருக்கும் வயது வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பா ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் சுமக்கப் போனவர், முருகன் தவழ்ந்துகொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் தம்பியைப் படிக்க வைத்தது அண்ணன்தான். முருகன் படித்த படிப்புக்கு ஊரில் பெயர் கிடையாது. பயோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று அவன் சொல்லுவான். சொந்தக்காரர்கள், பையன் பயோடேட்டா எழுதிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டார்கள். அவனும் திருத்தவில்லை. பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வாத்தியார் வேலை. கடைக்குப் பின்னால் இருக்கிற அண்ணன் வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை. பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் செய்த வேலை இதுதான். மீனோ செடியோ மனுசனோ, எதன் உடம்புக்குள்ளும் நாலே எழுத்தில் ஒரு நீளமான எழுத்து இருக்கிறதாம். அதைப் படித்துக் கம்ப்யூட்டரில் போட்டால், எது எதற்குச் சொந்தம், எது பங்காளி, எது தூரத்து உறவு என்று ஒரு மரம் வரைந்து காட்டும். ரேஷன் கார்டைப் பார்த்துச் சொந்தக்காரன் யார் என்று சொல்கிற மாதிரி என்று இசக்கியப்பன் புரிந்துகொண்டார். இந்த வேலைக்கான சாஃப்ட்வேரை உலகத்தில் யார் யாரோ எழுதி, காசு வாங்காமல் பொதுவில் போட்டு வைத்திருக்கிறார்கள். எழுத்தில் இருக்கிற பிசிறை எடுப்பதற்கு ஒன்று, வரிசையாக அடுக்கிப் பார்ப்பதற்கு ஒன்று, மரம் வரைவதற்கு ஒன்று. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கறுப்புத் திரையில் வரிவரியாக உத்தரவு அடித்தால்தான் வேலை செய்யும். ஒரு புள்ளி தப்பினாலும் முறைத்துக்கொண்டு நிற்கும். முருகன் அதையெல்லாம் கோத்து ஒரு தளம் செய்தான். கோவில்பட்டியிலோ தென்காசியிலோ பெரிய கம்ப்யூட்டர் இல்லாத கல்லூரியில் படிக்கிற பிள்ளை, தன்னிடம் இருக்கிற எழுத்தை அதில் ஏற்றிவிட்டுப் போய்த் தூங்கலாம். மரம் தானாக வந்து சேரும். அந்தத் தளத்துக்குக் 'கிளை' என்று பெயர் வைத்திருந்தான்.

"அண்ணே, நீ செய்யுத வேலதான் நானும் செய்யுதேன்" என்று ஒருநாள் சொன்னான். "பேட்டரி ஒருத்தன் செய்யுதான், இன்வெர்ட்டர் ஒருத்தன் செய்யுதான். நீ வயரு போட்டு மாட்டிவிடுத. லைட்டு எரியுது. அம்புட்டுத்தான்."

அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. சரி சரி, சோத்தைத் தின்னு என்று சொல்லிவிட்டார்.

கல்லூரியில் விடுமுறை விட்டால் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். கரண்டு போனால் கம்ப்யூட்டரும் படுத்துவிடும். அதனால் முருகன் முதல்வரிடம் சொல்லிவிட்டு மெஷினைக் கடை மாடிக்குக் கொண்டுவந்தான். அண்ணன் மாட்டிய பேட்டரி என்றால் நிற்காது என்பது அவன் நம்பிக்கை. இசக்கியப்பனும் கடையிலேயே நல்ல பேட்டரியாகப் பொறுக்கி எடுத்து மாட்டினார். கரண்டு போய் அந்த மெஷின் ஒருநாளும் நின்றதில்லை.

போன புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, காலையில் பல் விளக்கப் போன முருகன் குழாயடியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது அண்ணன் மடியில்தான் தலை இருந்தது. வாயில் பற்பசை நுரை காயவில்லை.

இசக்கியப்பன் அழவில்லை. அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்து அழாமல் இல்லை. வரவில்லை. எல்லாம் செய்தார். கொள்ளி வைத்தார், தலை மழித்தார், வந்தவர்களுக்குப் பந்தி போட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தார். காய்ந்துபோன பேட்டரியின் பிளேட் மாதிரி உள்ளே ஒன்று வெள்ளை பூத்துக் கிடந்தது. மேலே கையை வைத்தால் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. சாப்பிட்டார், தூங்கினார், வாடிக்கையாளர்களிடம் வெடுக்கென்று பேசினார். அவரிடம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

கடை திறந்த அன்று மாடிக்குப் போனார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு நீளமான பட்டை, பக்கத்தில் ஒரு எண். நாற்பத்து ஒன்று என்று இருந்தது. மறுநாள் போனார். எண் கொஞ்சம் ஏறியிருந்தது. தம்பி கடைசியாகக் கொடுத்த வேலை அது என்பது அவருக்கு விளங்கியது. அது என்ன வேலை, எப்போது முடியும் என்று யாரிடம் கேட்பது? நெட் கனெக்ஷன் முருகன் பெயரில் இருந்தது, அது தானாக நின்று போனது. மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், நாம் கரண்டைக் கொடுப்போம் என்று இருந்துவிட்டார்.

தினமும் காலையில் கடைக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு, அதே கையோடு மாடிக்கு ஏறி எண்ணைப் பார்ப்பார். அதைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார்.

பக்கத்து டீக்கடை முகம்மது மைதீன் நாலு நாள் பார்த்தார், ஐந்தாம் நாள் கேட்டுவிட்டார்.

"என்ன வே, மேல தொட்டில் கட்டிப் பிள்ளையா வளக்கீரு?"

"ஆமா. நீரு வந்து தாலாட்டு பாடும்" என்றார் இசக்கியப்பன். மைதீன் சிரித்தார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பேட்டரிக் கடைக்காரர்களுக்கு அமாவாசை கடை அடைப்பு. அன்றைக்குத்தான் சொந்தப் பேட்டரிகளைக் கவனிப்பார்கள். இசக்கியப்பன் வீட்டிலும் அப்படித்தான். அமாவாசைக்கு அமாவாசை மெஷினை நிறுத்தி, வயரைக் கழற்றி, முனையில் பூத்திருக்கிற உப்பைச் சுரண்டி, ஒவ்வொரு மூடியாகத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். ஓடிக்கொண்டிருக்கிற பேட்டரியில் கை வைக்கக் கூடாது. ஜங்ஷன் கடை முதலாளி அப்படி ஒருநாள் கை வைத்து, பேட்டரி வெடித்து, ஒரு கண் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் இவர். அன்றிலிருந்து, கரண்டு இழுக்கிற லோடைக் கழற்றாமல் மூடியைத் திறந்ததில்லை. தண்ணீர் ஊற்றி, துடைத்து, வயரை முடுக்கி, மெஷினை மறுபடி போட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற தம்பி முருகன் படத்துக்குப் பூவும் வைத்துவிட்டுக் கீழே வருவார். மெஷின் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். முருகன் அப்படிச் செய்து வைத்திருந்தான்.

தொடங்கும்போது எண் பூஜ்யத்தில் நிற்கும். அறுபத்தொன்பது, எழுபது வரைக்கும் ஏறியது பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதில் இசக்கியப்பனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஆயுசு பூராவும் அவர் பார்த்த எண் சார்ஜ் எண்தான். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஏறி இறங்கினால்தான் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தம்பியின் வேலையும் சுற்றுச் சுற்றாக நடக்கிறது என்று நினைத்தார். ஐப்பசி ஒரு சுற்று, கார்த்திகை ஒரு சுற்று, மார்கழி, தை, மாசி.

அமாவாசை அன்று இசக்கித்தாய், ஆற்றுக்குப் போய்த் தம்பிக்கு எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு வரச் சொல்லுவாள். குறுக்குத்துறை பக்கத்தில்தான் இருக்கிறது, பைக்கை எடுத்தால் போய்விடலாம். இவர் போனதில்லை. மேலே தண்ணி ஊத்துற வேலை கெடக்கு என்று சொல்லிவிட்டு டிஸ்டில்டு வாட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறிவிடுவார்.

பங்குனி அமாவாசையும் அப்படித்தான் வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கேனோடு அவர் படியில் கால் வைத்தபோது வாசலில் ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்தினாள். நித்யா. முருகனிடம் ஆராய்ச்சிப் படிப்புப் படித்த பிள்ளை. முருகன் செத்த அன்று துட்டி வீட்டுக்கு வந்து தூரத்தில் நின்றுவிட்டுப் போனது இவருக்கு ஞாபகம் இருந்தது. அதன் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவில்லை. தளத்தைத் திறக்கப் பார்த்திருக்கிறாள், திறக்கவில்லை. நெட் நின்று போனது அவளுக்குத் தெரியாது. மெஷினையே அணைத்துவிட்டார்கள் போல, துக்கத்தில் இருக்கிறவர்களிடம் போய் இதை என்னவென்று கேட்பது என்று இருந்துவிட்டாள்.

இப்போது வந்தது கல்லூரி விஷயமாக. சாமான் கணக்கு எடுக்கிறார்களாம். மெஷின் கல்லூரிச் சொத்து, சித்திரை பிறந்ததும் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத் தேர்வு ஆபீசில் வைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் சாரோட ஃபைல் எதாவது இருந்தா எடுத்துக்கிடலாமா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே மாடியைப் பார்த்தாள். சத்தம் காதில் விழுந்துவிட்டது.

"அண்ணாச்சி, மெஷினு ஓடுதா?"

"ஓடாம? கரண்டு போயி ஒரு நிமிசம் நின்னதில்ல. வா, பாத்துக்கோ. இப்பதான் தண்ணி ஊத்த நிப்பாட்டப் போறேன்."

அவள் அவருக்கு முன்னால் படியேறினாள். அறைக்குள் போனதும் செருப்பைக் கழற்றினாள். பிறகு திரையைப் பார்த்தாள். அறுபத்தெட்டு. கீ போர்டில் எதையோ தட்டினாள், வரிவரியாக ஓடியது. இசக்கியப்பன் கேனைச் சுவரோரம் வைத்துவிட்டு சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். அவள் எட்டி அவர் கையைப் பிடித்தாள். ஒரு ஆம்பளையின் கையைப் பிடித்துவிட்டோம் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. விட்டுவிட்டாள்.

"ஒவ்வொரு மாசமுமா நிப்பாட்டுனீங்க?"

"அமாவாசைக்கு அமாவாசை."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நிப்பாட்டுனா இது விட்ட எடத்துல இருந்து போகாது அண்ணாச்சி. மறுபடி முதல்ல இருந்துதான் தொடங்கும். விட்ட எடத்துல இருந்து போறதுக்கு ஒரு துண்டு புரோகிராம் எழுதணும். அடுத்த வாரம் எழுதுதேன், அடுத்த வாரம் எழுதுதேன்னு சார் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"நூறு வந்தாத்தான் முடியுமா?"

"ஆமா."

"அப்ப இதுவரைக்கும் ஓடுனது?"

நித்யா கணக்குச் சொன்னாள்.

நூறு வருவதற்கு ஒன்றரை மாதம் ஆகும். அமாவாசைக்கும் அமாவாசைக்கும் நடுவில் ஒன்றரை மாதம் கிடையாது. அது எந்தக் காலத்திலும் முடிந்திருக்காது. முருகன் உயிரோடு இருக்கும்போது சில மாதம், அண்ணே இந்த அமாவாசைக்கு வேண்டாம், அடுத்த வாரம் ஊத்திக்கோ என்று சொன்னது இசக்கியப்பனுக்கு நினைவு வந்தது. படுக்கையை விட்டு எழுந்திருக்கச் சோம்பல் என்று அப்போது நினைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

அவர் மூஞ்சியில் ஒன்றும் மாறவில்லை. கேனை எடுத்து வெளியே வராந்தாவில் வைத்தார். கையை வேட்டியில் துடைத்தார். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். நிற்காமல் ஓடினால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்றாள் அவள். வண்டி வருவதற்குள் முடியும், ஆனால் ஒரே ஒரு தடவை நின்றாலும் அவ்வளவுதான், இன்னொரு தடவை ஓட்ட நாள் கிடையாது.

அது என்ன வேலை என்றும் அப்போதுதான் கேட்டார். நித்யா சொன்னாள். மீன். கல்லில் ஒட்டிக்கொண்டு பாசி தின்கிற விரல் நீள மீன். பாபநாசம் அணைக்கு மேலே மலைக்குள் இருப்பதும், கீழே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் இருப்பதும் ஒன்றா வேறா என்பதுதான் கேள்வி. பார்க்க ஒன்றுபோல இருக்கும். அணை கட்டி இத்தனை காலம் ஆனதில் இரண்டும் தனித்தனிக் குடும்பமாகப் பிரிந்திருக்கும் என்று சார் நினைத்தாராம். அவளும் அவருமாக முழங்கால் தண்ணீரில் நின்று பிடித்த மீன்கள். அவள் படிப்பும் அதில்தான் தொங்குகிறது, ஆனால் அதை அவள் சொல்லவில்லை. அவள் போன பிறகு அவராகவே ஊகித்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் இசக்கித்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நீங்க அன்னைக்கும் அழல. இன்னைக்கும் அழ வேண்டாம். சாப்பிடுங்க" என்றாள் அவள்.

சாப்பிட்டார்.

பங்குனி வெயிலைப் பற்றிப் பாளையங்கோட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் பேட்டரித் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற, மூடியில் இருக்கிற மிதவை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இசக்கியப்பன் ஈரச் சாக்கைச் சன்னலில் தொங்கவிட்டார். மேஜை ஃபேனைப் பேட்டரிப் பக்கம் திருப்பிவைத்தார். எண் எழுபத்தைந்தைத் தாண்டியது. முருகன் போனதில் இருந்து அந்த எண் அவ்வளவு தூரம் போனதில்லை. எண்பதைத் தாண்டியபோது, அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசை என்றும் சொல்ல முடியாது. ஏறிப் பார்த்தார், இறங்கி வந்தார்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகச் செவ்வாய்க்கிழமை காலை முதல் சாயந்திரம் வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தது. மற்ற மாதமாக இருந்தால் அது அவருக்கு ஒரு விஷயமே இல்லை. தண்ணீர் நிறைந்த பேட்டரி ஒரு பகல் பூராவும் தாங்கும். இப்போது தண்ணீர் பிளேட்டுக்குக் கீழே போயிருந்தது.

அன்றைக்குக் கடையைத் திறந்துவிட்டு மாடியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் கீழிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. விட்டு விட்டு ஒரு கீச்சுச் சத்தம். சார்ஜ் தீரப்போகிறது என்று அர்த்தம். திரையில் தொண்ணூற்று மூன்று.

கீழே இறங்கி, முந்தின நாளே சார்ஜ் ஏற்றி வைத்திருந்த ஒரு ஜோடி பேட்டரியை இழுத்தார். மைதீனைக் கூப்பிட்டார். மைதீன் டீ ஆற்றுகிற குவளையை அப்படியே வைத்துவிட்டு வந்தார். ஒவ்வொன்றாக இரண்டு பேரும் படியில் தூக்கினார்கள்.

"யப்பா, என்னா கனம் வே. பொணங் கனம் கனக்கு" என்றார் மைதீன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

புது ஜோடியைப் பழைய ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தார். இனி லோடைக் கழற்றாமல் வயரை மாட்ட வேண்டும். கடைக்கு வேலைக்கு வந்த எவனையும் இதைச் செய்ய அவர் விட்டதில்லை. செய்தவனைக் கன்னத்தில் அறைந்தும் இருக்கிறார். சன்னலையும் கதவையும் அகலத் திறந்து வைத்து, மைதீனை வெளியே போகச் சொல்லிவிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வயரை முனையில் வைத்தார். சின்னதாக ஒரு பொறி தெறித்தது. கீச்சுச் சத்தம் நின்றது. திரை கண் சிமிட்டவில்லை. புது ஜோடி வேலையை எடுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, பழைய ஜோடியை ஒரு பக்கமாகக் கழற்றி ஓரத்தில் நகர்த்தினார்.

அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்காது.

கழற்றிய பேட்டரி மேலேயே உட்கார்ந்தார். கடை நிறைய பேட்டரி இருக்கிறது. இன்றைக்குச் செய்ததை மாசியில் செய்திருக்கலாம். தையில் செய்திருக்கலாம். ஐப்பசியிலேயே ஒரு ஜோடியை மாற்றி மாட்டிவிட்டு, கழற்றியதற்குச் சாவகாசமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். கார்த்திகைக்குள் எல்லாம் முடிந்து போயிருக்கும். யாரிடமாவது கேட்டிருந்தால் போதும். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம் என்று இருந்தார்.

மைதீன் டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்தார். சீனி போட்டிருந்ததா இல்லையா என்று பிறகு கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஒரு ஆட்டோக்காரருக்குப் பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தார். கையில் ஸ்பேனர். மேலே சத்தம் குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. பாரம் இறக்கிய லாரி மாதிரி மெஷின் லேசாக மூச்சு விட்டது. மாட்டுகிற வேலையை முடித்துவிட்டு, ஆட்டோ கிளம்பிய பிறகு மாடிக்குப் போனார். பட்டை முழுசாக நிரம்பியிருந்தது. நூறு. நித்யாவுக்குப் போன் போட்டு, முடிஞ்சிட்டும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அவள் அன்றைக்கே வந்தாள். எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டியில் ஏற்றிக்கொண்டாள். கிளை என்கிற அந்தத் தளம் முழுவதையும் எடுத்துக்கொண்டாள். வேறொரு கல்லூரியில் மெஷின் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். சார் எழுதாமல் விட்ட அந்தத் துண்டை முதலில் எழுதப் போவதாகச் சொன்னாள். பிறகு மரத்தைத் திறந்து காட்டினாள். கோடு கோடாக, நுனியில் பெயர் பெயராக இருந்தது. மலை மீன்களுக்குப் பச்சை, அணைக்கட்டு மீன்களுக்கு மஞ்சள் என்று முருகன் நிறம் கொடுத்து வைத்திருந்தான். பச்சை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் என்று பிரியவில்லை. ஒரே கொத்தில் கலந்து கிடந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி. பிரியல."

"அப்ப அவன் நெனச்சது தப்பா?"

"தப்புன்னு சொல்ல முடியாது. நெனச்சது வரல. அதையும் எழுதலாம்."

எழுதி வெளியிடும்போது சார் பெயர்தான் முதலில் வரும் என்றாள். இசக்கியப்பன் திரையிலேயே பார்வையை வைத்துக்கொண்டு, செத்துட்டான்னு போடுவாங்களா என்று கேட்டார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் போடுவார்கள், சிலுவை மாதிரி இருக்கும் என்று அவள் சொன்னாள்.

"நாம சிலுவைக்காரங்க இல்லையேம்மா."

"அது எல்லாருக்கும் போடுததுதான்."

"போடட்டும்" என்றார்.

சித்திரை பிறந்து வண்டி வந்தது. இரண்டு பையன்கள் மெஷினைத் தூக்கிப் போனார்கள். படி திரும்புகிற இடத்தில் சுவரில் இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. பைய, பைய என்று இவர் கீழே இருந்து சொன்னார். கடையில் நிசப்தமாக இருந்தது. ரோட்டில் பஸ் சத்தம் அவ்வளவு கேட்கும் என்று அவருக்குத் தெரியாது.

பத்துப் பதினைந்து நாளில் அமாவாசை வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கினார். இன்றைக்காவது ஆற்றுக்குப் போயிட்டு வாங்க என்று இசக்கித்தாய் காலையிலேயே எள்ளைப் பொட்டலம் கட்டி அவர் சட்டைப் பையில் வைத்திருந்தாள்.

"போறேம்ளா. மேல ஒரு வேல கெடக்கு, முடிச்சிட்டுப் போறேன்" என்றார்.

அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

டிஸ்டில்டு வாட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார். மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் அங்கேயே இருந்தன. கழற்றி எடுத்துப்போய் யாருக்காவது மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. பழக்க தோஷத்தில் லோடைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார். கழற்ற லோடு ஒன்றும் இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தார். மிதவை கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. அது மேலே வரும்வரை ஊற்றினார். அடுத்த மூடியைத் திறந்தார். அதற்கும் ஊற்றினார். எல்லாவற்றுக்கும் ஊற்றி, துணியால் துடைத்து, மூடிகளை முடுக்கினார். சட்டைப் பையில் எள் இருந்தது. வெயில் ஏறிவிட்டது. எழுந்து, கேனை எடுத்துக்கொண்டு கீழே போனார்.